உங்கள் பேஸ்பால் அணி ப்ளேஆஃபில் தோற்றுவிட்டதா? புது ரசிகர்களுக்கு ஒரு செய்முறை

2025 அக்டோபர் 20, திங்கள் இரவு. ப்ளேஆஃப் என்பது சீசன் முடிவில் நடக்கும் வெளியேற்றச் சுற்றுகள். அதில் அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம், டொராண்டோ ப்ளூ ஜேஸ் அணியோடு அவர்கள் ஊரில். ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ், சமனானால் இன்னும் நீளும். ஏழாவது இன்னிங்ஸ் வரை எங்கள் சியாட்டில் மரினர்ஸ் 3-1 என்று முன்னால் இருந்தது. டொராண்டோவின் ஜார்ஜ் ஸ்பிரிங்கர் ஒரு ஹோம் ரன் அடித்தார், அதாவது பந்து வேலியைத் தாண்டிப் போனது. அவரையும் சேர்த்து மூன்று பேர் ஓடி வந்தார்கள், 4-3 என்று அவர்கள் முன்னால். அதோடு சீசன் முடிந்தது. சாம்பியனை முடிவு செய்யும் உலகத் தொடருக்கு ஒருமுறைகூடப் போகாத ஒரே மேஜர் லீக் அணி எங்களுடையதுதான். அந்த ஹோம் ரன் பறந்த நொடியில் நாங்கள் எடுக்க வேண்டியிருந்தது இன்னும் எட்டே அவுட்.

இந்த வருஷம்தான் பேஸ்பால் பார்க்க ஆரம்பித்த நண்பர்கள் சிலர் மறுநாள் காலை கேட்டார்கள்: "இதை எப்படித் தாங்குகிறீர்கள்?" அவர்களுக்குச் சொன்னதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். உங்கள் அணி எதுவானாலும் பொருந்தும்.

படி 1: கடைசிக் கட்டத்தை நிரப்பிவிட்டு எழுந்திருங்கள்

ஸ்கோர்கார்டு எழுதும் பழக்கம் இல்லையென்றால் இப்போதே தொடங்குங்கள். ஒரு தாள், ஒரு பென்சில் போதும். மேலிருந்து கீழாக ஒன்பது பேட்டர்கள், இடமிருந்து வலமாக இன்னிங்ஸ்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மைதானத்தைப் போல ஒரு சின்ன வைர வடிவம், அதன் மூலைகள்தான் ஓடித் தொட வேண்டிய பேஸ்கள். ஃபீல்டர்களுக்குப் பெயர் எழுதுவதில்லை, எண்தான்: பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸில் நிற்பவர் 3, ஷார்ட்ஸ்டாப் 6. "6-3" என்றால் ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து முதல் பேஸுக்கு வீசி அவுட் ஆக்கினார் என்று பொருள். மூன்று ஸ்ட்ரைக் வாங்கி பேட்டர் அவுட் ஆவதுதான் ஸ்ட்ரைக்அவுட், அதற்கு 'கே' (K) என்ற ஆங்கில எழுத்து. மட்டையை வீசித் தவறவிட்டால் நேராக எழுத வேண்டும், வீசாமல் பார்த்துக்கொண்டே நின்றால் திருப்பி எழுத வேண்டும். ஹோம் ரன் என்றால் வைரம் முழுவதையும் கருப்பாக்கிவிடலாம்.

அன்றைக்கு ஒன்பதாவது இன்னிங்ஸில் டொராண்டோவின் ஜெஃப் ஹாஃப்மன் எங்கள் மூன்று பேரையும் ஸ்ட்ரைக்அவுட் ஆக்கினார். கடைசி ஆள் ஹூலியோ ரோட்ரிகெஸ். மட்டையை வீசினார், படவில்லை. நேரான 'கே'. அதை எழுதும்போது பென்சில் முனை தாளைக் கிழித்துவிட்டது. ஆனால் அதே வரிசையில் விரலை இடப்பக்கம் நகர்த்தினால், மூன்றாவது இன்னிங்ஸில் அவர் அடித்த ஹோம் ரன்னுக்காக நான் கருப்பாக்கிய வைரம் இருக்கிறது. இரண்டும் ஒரே ஆள், ஒரே இரவு. டிவியை அணைத்துவிட்டால் கடைசி 'கே' மட்டும்தான் மனதில் நிற்கும். தாளில் எழுதி வைத்தால் அந்த வைரமும் கூடவே நிற்கும்.

படி 2: ஷூவைத் தலையில் வையுங்கள்

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சியாட்டிலில் இது 2022இல் வந்த பழக்கம். டொராண்டோவில் 8-1 என்று பின்தங்கியிருந்த ஆட்டத்தை மரினர்ஸ் 10-9 என்று வென்றபோது, இங்கே சியாட்டிலில் திரையில் பார்த்துக்கொண்டிருந்த ரசிகர்கள் காலணியைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டார்கள். ஒரு வாரம் கழித்து ஹூஸ்டனோடு சொந்த மைதானத்தில் ஆட்டம். 18 இன்னிங்ஸ் போய் 1-0 என்று தோற்றோம். அன்றைக்கும் அரங்கம் முழுக்கத் தலையில் ஷூதான்.

இந்த வருஷம் கடைசி அவுட் விழுந்ததும் எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. என் மகள் எழுந்து வாசலுக்குப் போய் தன் பள்ளிக்கூட ஷூவைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து, "அப்பா, நீங்களும் வையுங்க" என்றாள். வைத்தேன். மனைவியும் வைத்தாள். மூன்று பேரும் அப்படியே உட்கார்ந்து தோசை சாப்பிட்டோம். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் வர விடுங்கள்.

உங்கள் அணிக்கும் இப்படி ஏதாவது ஒரு கிறுக்குத்தனம் நிச்சயம் இருக்கும், தேடிப் பாருங்கள். எங்களுக்கு ஹம்பி என்ற மீனும் உண்டு. ஆட்டத்தின் நடுவே நாலு பேர் சால்மன் மீன் வேஷம் போட்டு ஓடும் பந்தயத்தில் எப்போதும் தோற்கும் மீன் அது. கடைசியில் இந்த அக்டோபரில் ஒரு ப்ளேஆஃப் ஆட்டத்தின்போதுதான் முதல்முறையாக ஜெயித்தது. வளர்ந்த மனிதர்கள் ஒரு மீனுக்காகக் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள்.

படி 3: யாரையும் திட்டாதீர்கள்

பந்து வீசியவரையும் வேண்டாம், அவரை அனுப்பிய மேனேஜரையும் வேண்டாம். ஏழு மாதம் உங்களோடு இருந்தவர்கள் அவர்கள்.

படி 4: ஜெயித்தவருக்கு நீங்களே போன் போடுங்கள்

டொராண்டோவின் ஸ்கார்பரோவில் எனக்கு ஒரு யாழ்ப்பாணத்து நண்பன். ப்ளூ ஜேஸ் என்றால் உயிர். தோற்றவர் ஜெயித்தவர் வீட்டுக்குத் தன் ஊர்ச் சாப்பாட்டை அனுப்ப வேண்டும் என்று தொடர் தொடங்கும் முன்பே பேசி வைத்திருந்தோம். மறுநாள் காலையே புகையூட்டிய சால்மன் ஒரு பொட்டலம் அனுப்பிவிட்டேன். பந்தயக் கடனைத் தள்ளிப்போட்டால் துக்கமும் கூடவே நீளும். போனில் அவன் குதிக்கவே இல்லை. "மச்சான், உங்கட பெடியளும் நல்லா விளையாடினவங்கள்" என்றான். அதுவே போதுமாக இருந்தது.

படி 5: நடந்த நல்லதை எழுதி வையுங்கள்

குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுவதற்கு ஒரு தாள். எங்கள் தாளில் இருப்பவை: எங்கள் கேட்சர் கால் ராலி அடித்த 60 ஹோம் ரன்கள், எந்தக் கேட்சரும் ஒரு சீசனில் அத்தனை அடித்ததில்லை. 2001க்குப் பிறகு எங்கள் டிவிஷனில் (லீக்குக்குள் எங்கள் பிரிவில்) முதல் பட்டம். டெட்ராய்ட்டை 15 இன்னிங்ஸில் வென்ற இரவு. டொராண்டோவோடு ஐந்தாவது ஆட்டத்தில் எங்கள் யூஹேனியோ சுவாரெஸ் அடித்த கிராண்ட் ஸ்லாம், அதாவது மூன்று பேஸிலும் ஆள் நிற்க அடித்த நாலு ரன் ஹோம் ரன். செப்டம்பரில் ஒரு ரசிகர் இணையத்தில் ஒரு சூனியக்காரிக்குக் காசு கட்டி அணிக்காக மந்திரம் போடச் சொல்ல, அப்புறம் தொடர்ந்து பத்து ஆட்டம் ஜெயித்ததையும் மகள் சேர்க்கச் சொன்னாள். சேர்த்தோம்.

படி 6: உலகத் தொடரைப் பாருங்கள்

"நம்ம டீம் இல்லையே, எதுக்குப் பார்க்கணும்?" என்று தோன்றும். பாருங்கள். பிப்ரவரி நடுவில் பிட்சர்களும் கேட்சர்களும் அரிசோனாவில் பயிற்சிக்கு வரும்வரை வேறு பேஸ்பால் கிடையாது. நான் இந்த முறை ப்ளூ ஜேஸ் பக்கம் நின்றேன். நம்மைத் தோற்கடித்தவர்கள் ஜெயிக்கட்டும் என்று மனசு எப்படியோ மாறிவிட்டது.

நவம்பர் 1 அன்று அவர்களும் ஏழாவது ஆட்டத்தில், 11 இன்னிங்ஸில், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸிடம் 5-4 என்று தோற்றார்கள். ஒன்பதாவது இன்னிங்ஸில் வெற்றிக்கு இரண்டே அவுட் பாக்கி இருந்தபோது கை நழுவிய ஆட்டம் அது. நண்பனுக்கு போன் போட்டேன். எடுத்தான், ஆனால் பேசவில்லை. நானும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "வாசல்ல ஷூ இருக்கா?" என்று கேட்டேன்.

பத்து நிமிஷத்தில் ஒரு படம் வந்தது. பனிக்காலத்து பூட்ஸைத் தலையில் வைத்துக்கொண்டு அவன், பக்கத்தில் அதேபோல அவன் அம்மா.