கார்டு இருந்தும் பணம் கட்டுவது ஏன்? முதலமைச்சர் காப்பீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டில் ஏழைக் குடும்பம் ஒன்றுக்குப் பெரிய நோய் வந்தால் கைகொடுக்க ஒரு திட்டம் இருக்கிறது. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்தது. 2012 ஜனவரி 11 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் நடக்கிறது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தோடு இணைந்தது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு, பிரீமியம் முழுவதும் அரசின் பொறுப்பு. அப்படியிருந்தும் தாலிக்கொடியை அடகு வைத்து ஆபரேஷன் செய்துகொள்ளும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களில் பலர் தகுதி உள்ளவர்களே. எங்கோ ஒரு பெயர் சேர்க்கப்படாமல் போயிருக்கும், அல்லது மருத்துவமனையில் முதல் நாள் கேட்க வேண்டியதை மூன்றாம் நாள் கேட்டிருப்பார்கள்.

உடம்பு முடியாமல் போன பிறகு காப்பீட்டு கார்டு எடுக்கக் கிளம்புவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று ஒவ்வொரு மேசையாகப் போய்த்தான் திரும்பி வரும். அதன் பிறகு அந்தச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கும்போது இது சில நாள் அலைச்சல், அவ்வளவுதான். ஐசியூவில் ஒருவர் படுத்திருக்கும்போது அதே அலைச்சல் வேறு மாதிரி ஆகிவிடும். கூட இருந்து கையெழுத்துப் போட வேண்டியவர் தாலுகா ஆபீஸில் நிற்பார், இங்கே பில் ஏறிக்கொண்டே இருக்கும். நோயாளி படுக்கையில் இருக்கும்போதும் மருத்துவமனைக் கடிதத்தோடு போய்ப் பதிவு செய்ய முயலலாம். ஆனால் அதை நம்பி இப்போது சும்மா இருந்துவிடாதீர்கள்.

வருமானச் சான்றில் தொகையை எப்படி எழுதுவது?

வரம்பு குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய். முன்பு இது 72,000 ஆக இருந்தது. பழைய கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு "நமக்கெல்லாம் கிடைக்காது" என்று விண்ணப்பிக்காமலே இருப்பவர்கள் இன்னும் உண்டு. பழைய வரம்பால் ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டவர்களும் மறுபடியும் போய்ப் பார்க்க வேண்டும்.

தினக்கூலிக் குடும்பங்களில் நடக்கும் பிழை வேறு. "ஒரு நாளைக்கு எவ்வளவு கூலி?" என்று கேட்பார்கள். கொத்தனார் "எண்ணூறு" என்பார். கேட்டவர் அதை முப்பதால் பெருக்கி, பிறகு பன்னிரண்டால் பெருக்கி எழுதிவிட்டால் கதை முடிந்தது. மழைக்காலத்தில் வேலை இல்லை, மணல் வராத வாரம் வேலை இல்லை, ஆடி மாதம் புதிய வீட்டுக்கு யாரும் கடைக்கால் போடுவதில்லை. ஆண்டுக்கு உண்மையில் எத்தனை நாள் வேலை கிடைத்தது என்று நீங்களே கணக்குப் போட்டு, அதைச் சொல்லுங்கள். குறைத்துச் சொல்லவும் வேண்டாம். மனைவி வீட்டு வேலைக்குப் போகிறார், மகன் கம்பெனிக்குப் போகிறான் என்றால் அதுவும் சேர்ந்ததுதான் குடும்ப வருமானம். குடும்பத் தலைவரின் வருமானத்தை மட்டும் எழுதி வாங்கிய சான்று பின்னால் விசாரணைக்கு வந்தால் நிற்காது.

என்னைக் கேட்டால் இந்த வரம்பே போதாது. மாதம் பத்தாயிரம் ரூபாய் என்பது சென்னையிலோ திருப்பூரிலோ வாடகைக்கும் அரிசிக்குமே பற்றாது. இருவர் வேலைக்குப் போனாலே ஒரு குடும்பம் இதைத் தாண்டிவிடும், ஆனால் ஒரு இதய அறுவை சிகிச்சை அந்தக் குடும்பத்தைத் தரைமட்டமாக்கிவிடும். வரம்பை உயர்த்தக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆணிவேர் ரேஷன் கார்டு

காப்பீட்டு அட்டையைப் பத்திரமாகப் பீரோவில் வைத்திருப்பவர்கள்கூட ரேஷன் கார்டில் கவனம் வைப்பதில்லை. இந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர். இவர்களில் யார் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறதோ அவர்கள்தான் கணக்கில் வருவார்கள். அரிசி கார்டா, சர்க்கரை கார்டா என்று குழம்ப வேண்டாம். பெயரும் வருமானமும்தான் இங்கே முக்கியம்.

அதிகம் பாதிக்கப்படுவது புதிதாகத் திருமணமான பெண்கள். அம்மா வீட்டுக் கார்டில் பெயரை நீக்கிவிடுவார்கள், மாமியார் வீட்டுக் கார்டில் சேர்க்க "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுவார்கள். அந்த இடைவெளியில் அவள் எந்தக் குடும்பத்திலும் இல்லை. முதல் பிரசவம், அதையொட்டி வரும் சிக்கல்கள் எல்லாம் பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான். பெயர் நீக்கமும் பெயர் சேர்ப்பும் அடுத்தடுத்து நடக்க வேண்டிய வேலைகள். திருமணப் பதிவுச் சான்றும் பெயர் நீக்கச் சான்றும் கையில் இருந்தால் இ-சேவை மையத்திலோ பொது விநியோகத் துறையின் இணையதளத்திலோ விண்ணப்பிக்கலாம். இழுத்தடித்தால் வட்ட வழங்கல் அலுவலகத்தில் கேளுங்கள். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை நடக்கும் குறைதீர் முகாமுக்குப் போனால் பலருக்கும் காரியம் ஆகிறது.

குழந்தைக்கும் இதே கதைதான். அரிசி அளவு கூடப்போவதில்லை என்று குழந்தை பெயரைச் சேர்க்காமல் வருடக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை, காது கேளாமை என்றால் சிகிச்சைக்கு வயது முக்கியம். காது கேட்கும் கருவியை உள்ளே பொருத்தும் காக்ளியர் அறுவை சிகிச்சை இந்தத் திட்டத்தில் இருக்கிறது, அதைச் சின்ன வயதிலேயே செய்தால்தான் பேச்சு நன்றாக வரும். பெயர் சேர்ப்பதற்காக அந்த மாதங்களை இழப்பது வேதனை.

இனிஷியல் தரும் தலைவலி தமிழர்களுக்கே உரியது. ஆதாரில் "செல்வி மு", ரேஷன் கார்டில் "செல்வி", கணவர் பெயரோடு சேர்த்து வங்கியில் வேறொன்று. கண்ணுக்கு ஒரே ஆள்தான், கணினிக்கு மூன்று பேர். பிறந்த தேதியும் அப்படித்தான். ஆதாரை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்திக்கொள்வது எளிது. ஆதாரோடு இணைத்த கைபேசி எண் இப்போதும் உங்களிடம்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள். சிம் மாற்றியிருந்தால் ஓடிபி யாருக்கோ போகும்.

குடும்பத் தலைவர் இறந்துபோனால் அவர் பெயரை நீக்கி, வேறொருவரைத் தலைவராக மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். துக்க வீட்டில் இதை யாரும் பேசமாட்டார்கள், அது புரிகிறது. பதினாறாம் நாள் முடிந்ததும் உறவில் ஒருவர் பொறுப்பெடுத்துச் செய்து கொடுக்கலாம். அண்ணன் தம்பி இருவரும் கல்யாணமாகி ஒரே கார்டில் இருந்தால் தனித்தனிக் கார்டு எடுப்பதும் நல்லது. 5 லட்சம் என்பது தலைக்கு அல்ல, குடும்பத்துக்கு. அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கும் வீட்டில் அந்தத் தொகை எவ்வளவு மீதமிருக்கிறது என்று அவ்வப்போது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மருத்துவமனை வாசலில்

"இங்கே காப்பீடு எடுப்பாங்களா?" என்று கேட்டால் "எடுப்போம்" என்பார்கள். அந்தக் கேள்வி போதாது. ஒரு தனியார் மருத்துவமனை எலும்பு சிகிச்சைக்கு மட்டும் அங்கீகாரம் பெற்றிருக்கலாம், இதயத்துக்குப் பெற்றிருக்காது. "இந்த நோய்க்கு, இந்த ஆபரேஷனுக்கு இங்கே கார்டு செல்லுமா?" என்று கேளுங்கள். போகும் முன்பே 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டுவிட்டால் இன்னும் நல்லது. வெளிமாநில மருத்துவமனைக்குக் கூட்டிப்போக நினைப்பவர்கள் கட்டாயம் கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

அடுத்தது, முன்பணம் கட்டி நோயாளியைச் சேர்த்துவிட்டு, இரண்டு நாள் கழித்துக் கார்டை நீட்டுவது. இது பணமில்லாச் சிகிச்சைக்கான திட்டம். நீங்கள் கட்டி முடித்த பில்லைக் காட்டிப் பணம் திரும்ப வாங்கலாம் என்று எண்ணாதீர்கள். முதலில் மருத்துவமனை உங்கள் ரிப்போர்ட்டுகளை அனுப்பி முன் அனுமதி பெற வேண்டும், அதன் பிறகுதான் ஆபரேஷன். அதனால் சேரும்போதே காப்பீட்டுப் பிரிவுக்குப் போங்கள். "அனுமதி வந்துவிட்டதா, எவ்வளவுக்கு வந்திருக்கிறது?" என்று கேட்பது உங்கள் உரிமை. அவசரமான கேஸ் என்றால் சிகிச்சையைத் தொடங்கிவிட்டு அனுமதி கேட்கவும் வழி இருக்கிறது. ஆகவே "அப்ரூவல் வரும்வரை பணம் கட்டுங்க" என்று யாராவது சொன்னால் உடனே பர்ஸைத் திறக்காமல் மேலே சொன்ன எண்ணை அழையுங்கள். தனி அறை, ஏசி அறை வேண்டும் என்று நீங்களாகக் கேட்டால் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

எல்லாச் சிகிச்சையும் இதில் வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். காய்ச்சல், சளிக்கு ஓபி சீட்டு எடுத்துப் பார்ப்பதற்கெல்லாம் கார்டு உதவாது. பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கும் குறிப்பிட்ட பரிசோதனைகளுக்கும்தான் செல்லும். ஆனால் அந்தப் பட்டியல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிகிச்சைகள் கொண்டது, சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை.

அரசு மருத்துவமனையில் கார்டைக் கேட்டால் சிலர் கோபப்படுகிறார்கள். "ஜிஎச்சில் இலவசம்தானே, கார்டு எதுக்கு?" என்பது அவர்கள் வாதம். நியாயமான சந்தேகம்தான். ஆனால் நீங்கள் கார்டைக் கொடுத்தால் காப்பீட்டுப் பணம் அந்த அரசு மருத்துவமனைக்கு வருகிறது. அதிலிருந்துதான் இதயக் குழாயில் வைக்கும் ஸ்டென்ட், செயற்கை மூட்டு போன்ற விலை கூடிய பொருள்களையும் கருவிகளையும் வாங்க முடிகிறது. உங்கள் கார்டு அடுத்த படுக்கையில் இருப்பவருக்கும் உதவுகிறது என்று எண்ணித் தயங்காமல் கொடுங்கள்.

சிறுநீரகம், கல்லீரல் மாற்று என்று டாக்டர் சொன்னதும் நிலத்தை விற்க ஓடாதீர்கள். இவை 5 லட்சத்தைத் தாண்டும் செலவுதான். ஆனால் இத்தகைய உயர் அறுவை சிகிச்சைகளுக்கென்று அரசு தனியாகத் தொகுப்பு நிதி வைத்திருக்கிறது. "தொகுப்பு நிதியில் விண்ணப்பிக்க முடியுமா?" என்று காப்பீட்டுப் பிரிவில் வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்காதவர்களுக்கு எல்லா இடத்திலும் சொல்வதில்லை.

சாலை விபத்து என்றால் கார்டைத் தேடிக்கொண்டு நேரத்தை வீணாக்கவே கூடாது. 2021 டிசம்பர் 18-இல் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கிய யாருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை இருக்கிறதா, எந்த மாநிலத்துக்காரர் என்பதெல்லாம் பார்ப்பதில்லை. 108-ஐ அழையுங்கள். குணமாகக் கூடுதல் நாள் ஆகும் என்று தெரிந்தால், அந்த இரண்டு நாளுக்குள் காப்பீட்டு அட்டைக்கான காகிதங்களைத் தயார் செய்யுங்கள்.

ரேஷன் கார்டு இல்லாதவர்கள் தங்களுக்கு வழியே இல்லை என்று ஒதுங்கிவிடக் கூடாது. மறுவாழ்வு முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே இத்திட்டம் உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் இங்கே தங்கி வேலை செய்யும் வெளிமாநிலத் தொழிலாளர்கள் தொழிலாளர் துறையின் சான்றோடு சேரலாம். ஆதரவற்ற குழந்தைகளும் சேர்க்கப்படுகிறார்கள். இவர்களில் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள், அவர்களுக்குத் தகவல் போய்ச் சேர்வது மிகக் குறைவு.

பதிவுக்கோ புதுப்பிப்பதற்கோ காசு கேட்கும் இடைத்தரகரிடம் ஏமாறாதீர்கள். இ-சேவையில் வருமானச் சான்றுக்குக் கட்டும் சிறு தொகையோடு சரி, காப்பீட்டு அட்டைக்குக் கட்டணம் கிடையாது. "வருஷா வருஷம் ரினியூ பண்ணணும், ஐநூறு கொடு" என்பது பொய். மருத்துவமனையில் பணம் கேட்டால் ரசீது கேளுங்கள். ரசீது தர மறுத்தால், கேட்ட தொகை, தேதி, எந்தக் கவுண்டர் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது நிரப்பாத படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், படிக்கத் தெரியாவிட்டால் கூட வந்தவரைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். புகார் கொடுப்பதற்கும் அதே 1800 425 3993 எண்தான். மருத்துவமனையை விட்டு வெளியே வந்த பிறகு செய்யலாம் என்று இருக்காமல், நோயாளி உள்ளே இருக்கும்போதே அழையுங்கள். அட்டை எண், மருத்துவமனைப் பெயர், நோயாளி சேர்ந்த தேதி மூன்றையும் சொல்லி, புகார் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.