மிக்சரிலிருந்து எட்டுத் தடத்துக்கு: கூத்துப் பாட்டை வீட்டில் பதிய கேபிள் இணைக்கும் முறை

சவுண்ட் வேலைக்கு வாங்கிய அனலொக் மிக்சரும், எட்டு ஒலிகளைத் தனித்தனித் தடமாக எஸ்.டி. கார்டில் பதியும் எட்டுத் தட ரெக்கோடரும் இருந்தால், மட்டக்களப்புக் கூத்துப் பாட்டை வீட்டு அறையிலேயே தரமாகப் பதியலாம். புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் மிக்சரின் மெயின் அவுட் (எல்லா ஒலியும் கலந்து வெளிவரும் ஓட்டை) இரண்டையும் ரெக்கோடரின் 1, 2இல் செருகிவிட்டு மற்ற ஆறையும் சும்மா விடுகிறார்கள். அப்படிப் பதிந்தால் மத்தளம், சல்லரி (கைத்தாளம்), குரல் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். சல்லரி கூடிப்போனது என்று பிறகு தெரிந்தாலும் அதை மட்டும் குறைக்க வழியில்லை. ஒவ்வொரு மைக்கும் கலப்பதற்கு முன்பே தனித்தனித் தடத்துக்குப் போய்விட வேண்டும்.

1. முதலில் தாளில் எழுதுங்கள்

கேபிளைத் தொடுவதற்கு முன் எந்த மைக் எந்தத் தடத்துக்கு என்று எழுதி மிக்சரில் ஒட்டுங்கள். ஒரு கூத்துக் குழுவுக்கு இப்படிப் பிரிக்கலாம்: 1 மத்தளம் வலந்தலை, 2 இடந்தலை, 3 சல்லரி, 4 அண்ணாவியார் (கூத்தை நடத்துபவர்) குரல், 5 ஏட்டண்ணாவியார் (கூத்து ஏட்டைப் பார்த்துப் படிப்பவர்), 6 பிற்பாட்டு, 7-8 அறையின் இடமும் வலமும். மிக்சரின் 1ஆம் சனல் (ஒரு மைக்குக்கான வரிசை) ரெக்கோடரின் 1ஆம் தடத்துக்கே போகட்டும். எண் மாறினால் நள்ளிரவில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

2. எந்த ஓட்டையிலிருந்து எடுப்பது?

சனலுக்குச் சனல் டைரெக்ட் அவுட் (அந்தச் சனலின் ஒலி மட்டும் வெளிவரும் ஓட்டை) இருந்தால் அதையே எடுங்கள். அது பேடருக்கு (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகட்டைக்கு) முன்னா பின்னா என்று மட்டும் பாருங்கள், பின்னால் என்றால் பேடரை அசைக்கும்போது பதிவும் மாறும். இல்லாவிட்டால் சனலின் இன்சேர்ட் ஜாக்தான் சிறந்த இடம். பெரும்பாலான மிக்சர்களில் அது கெயினுக்கு (மைக் ஒலியை முதலில் பெருக்கும் திருகி) பிறகும், ஈகியூவுக்கும் (கனத்த, கூர்மையான ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் திருகிகள்) பேடருக்கும் முன்னாலும் இருக்கும். ஹெட்போனுக்காக நீங்கள் கெயினைத் தவிர எதைத் திருகினாலும் பதிவு மாறாது.

இன்சேர்ட் ஒரே ஜாக்கில் போகவும் வரவும் செய்வது. வழக்கமாக நுனியில் ஒலி வெளியே போகும், நடு வளையத்தில் திரும்பி வரும். சாதாரண மோனோ பிளக்கை முழுக்கச் செருகினால் அந்தச் சனலின் ஒலி மிக்சருக்குள் அறுந்துவிடும். பதிவாகும், ஆனால் ஹெட்போனில் கேட்காது. பிளக்கைப் பாதி செருகி முதல் கிளிக்கில் நிறுத்தும் பழக்கம் உண்டு. சில மிக்சர்களில் அது வேலை செய்யும், ஆனால் யாராவது கேபிளை மிதித்தால் தடம் போய்விடும். அதை நம்பவேண்டாம். கேபிளை நீங்களே செய்யுங்கள்.

3. கேபிள் செய்வது

தேவையானவை: 6.35 மி.மீ. ஸ்டீரியோ பிளக் 8, அதே அளவில் மோனோ பிளக் 8, ஒரு கோர் ஷீல்ட் கேபிள் 18 மீற்றர் (ஒன்றுக்கு 2 மீற்றர், மிச்சம் வெட்டுக்கும் பிழைக்கும்), மல்ட்டிமீற்றர், ஈயம்.

ஸ்டீரியோ பிளக்கில் நுனிக்கான காலையும் நடு வளையத்துக்கான காலையும் ஒரு சிறு கம்பியால் சேர்த்து ஈயம் வையுங்கள். கேபிளின் நடுக் கம்பி அங்கே, ஷீல்ட் உடற்பகுதிக் காலில். மறுமுனையில் மோனோ பிளக்கின் நுனிக்கு நடுக் கம்பி, உடலுக்கு ஷீல்ட். ஸ்டீரியோ பிளக் மிக்சரின் இன்சேர்ட்டில் முழுதாகச் செருகப்படும். நுனியும் வளையமும் சேர்ந்திருப்பதால் ஒலி ரெக்கோடருக்கும் போகும், மிக்சருக்குள்ளும் தொடரும். மல்ட்டிமீற்றரில் நுனிக்கும் உடலுக்கும் இடையே பீப் வந்தால் எங்கோ ஷீல்ட் இழை ஒன்று தொட்டிருக்கிறது, திறந்து பாருங்கள்.

எங்கள் பக்கத்துக்கு இன்னொரு நன்மையும் உண்டு. கடலும் வாவியும் சூழ்ந்த ஊரில் உப்புக்காற்று, இன்சேர்ட் ஜாக்குக்குள் இருக்கும் மெல்லிய தொடுதகட்டைக் கறுக்கச் செய்யும். எதுவும் செருகாத சனலே திடீரென்று மங்குவதும் கரகரப்பதும் பல நேரம் இதனால்தான். அந்தத் தகடு செய்ய வேண்டிய இணைப்பை இந்தக் கேபிள் வெளியே செய்துவிடுகிறது. கேபிள் செருகாத ஜாக்குகளில் ஒரு பிளக்கைப் பத்துத் தரம் செருகி எடுங்கள், தேவைப்பட்டால் கொண்டாக்ட் கிளீனர் அடியுங்கள்.

4. லெவல்

ரெக்கோடரின் உள்ளீட்டை லைனுக்கு (மிக்சரிலிருந்து வரும் பலமான ஒலிக்கு) மாற்றுங்கள், மைக்குக்கு அல்ல. 48 வோல்ட் பென்டம் (மைக்குக்குக் கேபிள் வழியே கொடுக்கும் மின்சாரம்) ரெக்கோடரில் அணைந்திருக்க வேண்டும். உள்ளீட்டில் +4, −10 என்று சுவிட்ச் இருந்தால் +4இல் தொடங்குங்கள். இரண்டுக்கும் இடையே சுமார் 12 டெசிபல் வித்தியாசம். மிக்சரின் கெயின் சரியாக இருந்தும் ரெக்கோடரில் ஊசி எழும்பாவிட்டால் மட்டும் −10க்குப் போங்கள்.

இனிப் பதிவின் அளவைத் தீர்மானிப்பது சனலின் கெயின் ஒன்றுதான். ரெக்கோடரின் மீற்றரில் சராசரி −18 டெசிபல், உச்சம் −12 முதல் −6 வரை நிற்கட்டும். 24 பிட்டில் பதியும்போது பூச்சியத்தை (மீற்றரின் உச்சியை) முட்டவைக்கத் தேவையில்லை. முட்டினால் வெடிக்கும் ஒலியைப் பிறகு திருத்த முடியாது. மத்தளக்காரரைப் பரீட்சைக்கு மெதுவாக அடிக்கவிட்டு கெயின் வைக்காதீர்கள். தாளம் உச்சத்துக்குப் போகும் பகுதியை அடிக்கச் சொல்லிப் பாருங்கள். அதன் பிறகும் 6 டெசிபல் மிச்சம் விடுங்கள்.

5. குறூப் வழியாக

மைக் எட்டுக்கு மேல் போனால், பிற்பாட்டுக்காரர் மூவரின் மைக்குகளையும் குறூப் (சில சனல்களை மட்டும் கலந்து வெளியே விடும் வழி) ஒன்றில் சேர்த்து ஒரே தடத்துக்கு அனுப்பலாம். அந்தச் சனல்களில் 1-2 பொத்தானை அழுத்தி, பேன் (ஒலியை இடம், வலம் பிரிக்கும் திருகி) என்பதை முழுக்க இடப்பக்கம் திருப்பினால் குறூப் 1, வலப்பக்கம் திருப்பினால் குறூப் 2. பேன் நடுவில் நின்றால் இரண்டிலும் போகும்.

6. திரும்பக் கேட்பது

ரெக்கோடரின் ஸ்டீரியோ அவுட்டை மிக்சரின் டேப் இன்னில் (சனல்களுக்குள் போகாத தனி உள்ளீட்டில்) கொடுங்கள். சாதாரண சனலில் கொடுத்து, அந்தச் சனல் ரெக்கோடருக்குப் போகும் குறூப்பிலும் அழுத்தப்பட்டிருந்தால், ஒலி சுற்றிச் சுற்றி வந்து கூவத் தொடங்கும். இன்னொன்று: பாடும்போது மிக்சரின் நேரடிக் குரலையும் ரெக்கோடர் வழியாக வரும் குரலையும் சேர்த்துக் கேட்காதீர்கள். சில மில்லிசெக்கன் தாமதத்தால் குரல் குழாய்க்குள் நின்று பாடுவது போல ஒலிக்கும். மைக்கைக் குறை சொல்லி மாற்றிக்கொண்டிருப்பீர்கள். பதியும்போது மிக்சர், பதிந்த பிறகு ரெக்கோடர். ஸ்பீக்கரை அணைத்து மூடிய ஹெட்போனில் கேளுங்கள், சீலிங் பேனையும் நிறுத்துங்கள்.

7. இரைச்சல்

ஹெட்போனில் 'ம்ம்' என்று 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் வந்தால், மிக்சரும் ரெக்கோடரும் வெவ்வேறு சுவர்ப் பிளக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டையும் ஒரே மல்ட்டி பிளக்குக்குக் கொண்டுவாருங்கள். கரண்ட் வயரும் ஒலிக் கேபிளும் பக்கம் பக்கமாக ஓடாமல் குறுக்கே வெட்டிப் போகட்டும். லப்டொப் சார்ஜரையும் கழற்றிப் பாருங்கள். அப்படியும் போகாவிட்டால் ஒலிக் கேபிளின் நடுவே ஒலிக்கான ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபோமர் போடுங்கள். ஏர்த் பின்னை ஒருபோதும் கழற்றவோ வெட்டவோ கூடாது. மைக்கைப் பிடித்திருப்பவரின் உயிர் அதில் இருக்கிறது.

8. கார்டும் சோதனையும்

24 பிட், 48 கிலோஹேர்ட்ஸில் எட்டுத் தடமும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 69 மெகாபைட், மணிக்கு 4 ஜிகாபைட்டுக்குச் சற்று மேல். 32 ஜிகாபைட் கார்டு ஏழு மணித்தியாலம் தாங்கும்.

இரண்டு நிமிடம் பதிந்து, ரெக்கோடரில் ஒவ்வொரு தடத்தையும் தனியாகக் கேளுங்கள். சல்லரி எல்லாத் தடத்திலும் மெல்லக் கேட்பது இயல்பு, ஒரே அறை அல்லவா. 5ஆம் தடத்துக் குரல் 6ஆம் தடத்திலும் அதே அளவுக்குக் கேட்டால் அது அறைக் கசிவு இல்லை. குறூப் பேன் நடுவில் நிற்கிறது, அல்லது கேபிள் இடம் மாறியிருக்கிறது. அதைச் சரிசெய்துவிட்டு அண்ணாவியாரைத் தொடங்கச் சொல்லுங்கள்.