நாளைக்கே ஹாலோவீனா? ஒரே மாலையில் வீட்டிலேயே செய்யக்கூடிய மூன்று வேடங்கள்

அக்டோபர் 30ஆம் தேதி மாலை கடைக்குப் போனால், வேட உடைகள் தொங்கிய கம்பியில் கைக்குழந்தைக்கான பூசணிக்காய் உடையும் ஆறடி ஆளுக்கான உடையும்தான் மிஞ்சியிருக்கும். நடுவில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்றும் கிடைக்காது. கிடைத்தாலும் வாங்காதீர்கள் என்பேன். டொராண்டோவில் அக்டோபர் கடைசி நாளில் ஆறு மணி சுமாருக்கே சூரியன் மறைந்துவிடும். இரவுக் குளிர் 5 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும், சில ஆண்டுகளில் மழையும் சேர்ந்துகொள்ளும். கடையில் விற்கும் மெல்லிய பாலியஸ்டர் உடைக்கு மேல் ஜாக்கெட்டைப் போட்டதும் வேடம் முழுவதும் உள்ளே மறைந்துவிடுகிறது. மிட்டாய் கேட்டு நிற்கும் ஒவ்வொரு வாசலிலும் குழந்தை ஜிப்பை இறக்கிக் காட்ட வேண்டியிருக்கிறது.

அதனால் எங்கள் வீட்டில் வேடம் எப்போதும் ஜாக்கெட்டுக்கு மேல்தான். முதலில் பிள்ளைக்கு ஜாக்கெட்டைப் போட்டுவிடுங்கள். அதன்மேல் தாராளமாக ஏறக்கூடிய பழைய ஸ்வெட்ஷர்ட் ஒன்றை அண்ணன், அக்கா, அப்பா யாருடைய அலமாரியிலிருந்தாவது எடுங்கள். கீழே சொல்லும் மூன்று வேடங்களுக்கும் அந்த ஸ்வெட்ஷர்ட்தான் அடிப்படை. மேலுடை தனி, கால்சட்டை தனி என்று இருப்பது அவசியம். பள்ளியில் கழிப்பறைக்குப் போகும் குழந்தை யாருடைய உதவியும் இல்லாமல் கழற்றி மாட்ட வேண்டும் அல்லவா?

இன்னொன்று, வேலையைத் தொடங்குவதற்கு முன் பள்ளியிலிருந்து வந்த அறிவிப்பைப் படித்துவிடுங்கள். முகமூடி, பொம்மை ஆயுதம், ரத்தக் கறை ஆகியவற்றைப் பல பள்ளிகள் அனுமதிப்பதில்லை.

கருவிகள்

நல்ல கத்தரிக்கோல், தடித்த நூல், பெரிய கண் உள்ள ஊசி, ஒரு அட்டை ஊக்கு. இவ்வளவு போதும். கைவினை வீடியோக்களில் எல்லாவற்றுக்கும் சூடான பசைத் துப்பாக்கியை எடுக்கிறார்கள். அட்டைப்பெட்டிக்கு அது அருமையான கருவி, துணிக்கு எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. குளிரில் அந்தப் பசை விறைத்துப்போய், கை கால் மடங்கும் இடங்களில் படபடவென்று விட்டுவிடுகிறது. நைலான் ஜாக்கெட்டில் நேரடியாக வைத்தால் ஜாக்கெட்டே பாழாகலாம். குழந்தையின் விரல் சுட்டுவிடும் கவலை வேறு. நீளநீளமான ஓட்டுத் தையல் போட்டால் வேலையும் வேகம், நவம்பர் 1ஆம் தேதி பிரித்தெடுத்தால் ஸ்வெட்ஷர்ட்டும் பழையபடி கிடைத்துவிடும். ஊக்கையும் ஜாக்கெட்டில் குத்தாதீர்கள். இறகு அடைத்த ஜாக்கெட்டாக இருந்தால் துளை வழியாக இறகு வெளியே வந்துகொண்டே இருக்கும்.

வேடம் 1: பழைய வேட்டியில் ஒரு மம்மி

எகிப்திய மம்மிக்கு இங்கே எல்லோரும் மருத்துவத் துணிச்சுருளை வாங்குகிறார்கள். நம் வீட்டு அலமாரியில் அதைவிட நல்ல துணி இருக்கிறது. நைந்துபோன நான்கு முழ வேட்டி ஒன்று எட்டு வயதுப் பிள்ளைக்குத் தாராளமாகப் போதும். பருத்தி வேட்டியாக இருக்க வேண்டும். பாலியஸ்டர் கலந்ததில் டீச்சாயம் பிடிக்காது, நேராகக் கிழியவும் கிழியாது.

முதல் வேலை சாயம். ஒரு பெரிய பாத்திரத்தில் மூன்று லிட்டர் நீரைக் கொதிக்கவிட்டு, நான்கு மேசைக்கரண்டி டீத்தூளைப் போட்டு, கெட்டி டிகாஷனாக வடிகட்டுங்கள். வேட்டியை நனைத்துப் பிழிந்து, கசக்கி உருண்டையாக்கி அதில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். கசங்கிய மடிப்புகளில் சாயம் திட்டுத்திட்டாக ஏறும். பல நூறு ஆண்டு பழைய துணியின் தோற்றம் அந்தத் திட்டுகளால்தான் வருகிறது. பிழிந்து, குளிர்ந்த நீரில் ஒருமுறை அலசி, கசங்கியபடியே உலர்த்துங்கள், இஸ்திரி போட வேண்டாம். கிழித்த பிறகு சாயம் போடலாம் என்று நினைக்காதீர்கள். கிழித்த நாடாக்கள் பாத்திரத்துக்குள் நூலோடு நூல் சிக்கி, பிரிக்க முடியாத உருண்டையாகிவிடும்.

அடுத்தது கிழிப்பது. சரிகைக் கரையை முதலில் கிழித்துத் தனியே வையுங்கள். பிறகு ஓரத்தில் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டு கொடுத்து, இரண்டு கையாலும் பிடித்து இழுங்கள். பருத்தி இழை ஓடும் வழியிலேயே சர்ரென்று கிழிந்து வரும். ஓரத்தில் தொங்கும் நூல்களை வெட்டாதீர்கள், அவைதான் அழகு. பிள்ளைகள் மிகவும் விரும்பிச் செய்யும் வேலை இது. அவர்களிடமே விட்டுவிடலாம்.

இனிமேல்தான் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம். நாடாவைக் குழந்தையின் உடம்பில் சுற்றக் கூடாது. சுற்றிய மம்மி நான்காவது வீட்டுக்குள் அவிழ ஆரம்பிக்கும், காலில் சிக்கித் தடுக்கும். ஸ்வெட்ஷர்ட்டிலும் கால்சட்டையிலும் தைத்துவிட வேண்டும். ஆனால் அந்தத் துணி இழுபடும், வேட்டித் துணி இழுபடாது. கால்சட்டையின் காலைச் சுற்றி நாடாவை முழு வளையமாக இறுக்கித் தைத்தால் மறுநாள் காலையில் உள்ளே கால் நுழையாது. வலிந்து நுழைத்தால் தையல் விட்டுவிடும்.

இதற்கு வழி இருக்கிறது. கால்சட்டையின் ஒவ்வொரு காலுக்குள்ளும் தடித்த பத்திரிகை ஒன்றைச் சுருட்டிச் செருகுங்கள். துணி விரிந்து நிற்கும், முன்பக்கமும் பின்பக்கமும் சேர்ந்து தைபடாது. நாடாவை ஒரு பக்கத் தையலிலிருந்து மறுபக்கத் தையல் வரை, அரைச் சுற்றாக மட்டும் போடுங்கள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரு முனைகளிலும் நான்கைந்து தையல், நடுவில் ஒரே ஒரு தையல், அவ்வளவுதான். நாடா சற்றுத் தொய்ந்து தொங்கட்டும். விறைப்பாக இழுத்துத் தைத்தால் பார்க்கவும் செயற்கையாக இருக்கும். ஒன்றின்மேல் ஒன்று ஒரு விரற்கடை ஏறும்படி, கொஞ்சம் கோணலாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். முழங்காலிலும் முழங்கையிலும் நடுத்தையலை விட்டுவிடுங்கள். அங்கே நாடா தளர்வாக இருந்தால்தான் குழந்தை படியேறும்.

தலைக்குக் குளிர்த் தொப்பி ஒன்றின்மேல் இதே போல நாடாக்களைத் தைத்தால் போதும். முகத்தைச் சுற்ற வேண்டாம். கழுத்திலும் எதையும் கட்ட வேண்டாம்.

நெருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நூல் தொங்கும் பருத்தித் துணி சட்டென்று பற்றிக்கொள்ளும். பூசணிக்காய்க்குள் பாட்டரி விளக்குதான் பலரும் வைக்கிறார்கள் என்றாலும் மெழுகுவத்தி வைக்கும் வாசல்கள் இன்னும் உண்டு. அவற்றிலிருந்து தள்ளி நிற்கப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். 2024இல் தீபாவளியும் ஹாலோவீனும் அக்டோபர் 31 என்று ஒரே நாளில் வந்தன. அப்படி அமையும் ஆண்டுகளில் வேடத்தைக் கழற்றி வைத்த பிறகுதான் மத்தாப்பு. இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

வேடம் 2: உடைந்த குடையில் வௌவால்

ஐந்து முதல் ஏழு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இதைவிட எளிதான வேடம் எனக்குத் தெரியாது. காற்றில் மடங்கிப்போன கறுப்புக் குடை ஒன்று வேண்டும். கம்பி நுனிகளில் துணியைப் பிடித்திருக்கும் நூல்களை வெட்டி, உச்சியில் இருக்கும் மூடியைத் திருகி எடுத்தால் எட்டுத் துண்டுகள் சேர்ந்த வட்டத் துணி முழுதாகக் கையில் வரும். தையல் ஓரமாகவே அதை இரண்டு பாதியாக வெட்டுங்கள். ஒரு பாதி ஒரு வௌவாலுக்கு. மறுபாதி தம்பிக்கோ தங்கைக்கோ ஆகும்.

அரைவட்டத்தின் நேர் விளிம்பு முதுகின் குறுக்கே ஒரு கையிலிருந்து மறு கை வரை போக வேண்டும். அதன் நடுப்புள்ளி பிடரியில் உட்கார வேண்டும். அங்கே இரண்டு ஊக்கு, தோள்களில் ஒவ்வொன்று, எல்லாம் கறுப்பு ஹூடியில் உள்பக்கமாக. இரு முனைகளிலும் எலாஸ்டிக் வளையம் ஒன்றைத் தைத்துக் கைக்குள் மாட்டிவிடுங்கள். குழந்தை கையை விரித்ததும் குடைத் துணியின் வளைந்த விளிம்பு அச்சு அசல் வௌவால் இறக்கையாகவே தெரியும். அதை நாம் வெட்ட வேண்டியதே இல்லை. ஹூடியின் தலைப்பகுதியில் ஃபெல்ட் துணியில் இரண்டு முக்கோணக் காதுகள் போதும்.

சிலர் இறக்கை விறைப்பாக நிற்கட்டும் என்று குடைக் கம்பிகளை விட்டுவைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கூட்டமான வாசலில் அந்தக் கம்பி நுனி இன்னொரு குழந்தையின் கண்ணுக்கு நேராக நிற்கும்.

வேடம் 3: பதின்வயதினருக்கு எலும்புக்கூடு

பதினான்கு வயதுப் பிள்ளை அம்மா தைத்த உடையைப் போட்டுக்கொள்ளாது. இதை அவர்களே செய்யட்டும். பெரிய கறுப்பு ஸ்வெட்ஷர்ட், வெள்ளை டக்ட் டேப், தேய்ந்துபோன சோப்புத் துண்டு. தையற்காரர்கள் கறுப்புத் துணியில் கோடு போடுவது போல, சோப்பால் முதலில் எலும்புகளை வரைந்துகொள்ள வேண்டும். மனிதனுக்குப் பன்னிரண்டு ஜோடி விலா எலும்புகள் உண்டு. சட்டையில் ஆறு ஜோடி போட்டாலே கண்ணுக்கு நிறைவாக இருக்கும். டேப் வளையாது, அதனால் ஒவ்வொரு விலாவையும் இரண்டு துண்டாகக் கோணம் வைத்து ஒட்டுங்கள். முனைகளைச் சதுரமாக விடாமல் உருட்டி வெட்டினால் எலும்பின் தோற்றம் வந்துவிடும். கதகதப்பான அறையில் ஒட்டிக் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேயுங்கள். குளிர்ந்த துணியில் டேப் பிடிக்காது.

கைகால் எலும்புகளுக்கு மட்டும் சைக்கிள் கடையில் கிடைக்கும், ஒளி பட்டால் மின்னும் டேப்பை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பகலில் சாம்பல் நிறமாக இருக்கும். கார் விளக்கு பட்டதும் வெள்ளையாகப் பளீரிடும். கறுப்பு உடையில் இருட்டுத் தெருவைக் கடக்கும் பிள்ளையை ஓட்டுநர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை வலியுறுத்துகிறேன். வௌவால் இறக்கையின் விளிம்பிலும் ஒரு வரி ஒட்டுங்கள்.

வளர்ந்த பிள்ளைகள் மிட்டாய் கேட்டு வந்தால் முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் செசபீக் என்ற நகரத்தில் 12 வயதுக்கு மேற்பட்டவர்கள் வீடு வீடாகப் போகக் கூடாது என்றே சட்டம் இருந்தது. 2019இல்தான் அந்த வரம்பை 14 ஆக்கினார்கள். வேடம் போட்டு, வாசலில் நின்று, நன்றி சொல்லும் பதினாறு வயதுப் பிள்ளைக்கும் நான் கை நிறைய மிட்டாய் கொடுப்பேன். நீங்களும் வயது கேட்காமல் கொடுங்கள்.

முகம்

முகமூடி பார்வையை மறைக்கும். முகச்சாயம் நல்லது. முந்தின நாளே முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, அரிப்பு வருகிறதா என்று பாருங்கள். மம்மிக்கு நல்ல கண்மையைக் கண்ணுக்குக் கீழே, கண்ணுக்குள் படாமல், விரலால் கலைத்துவிட்டால் போதும். இரவு துடைக்கத் தேங்காய் எண்ணெய். பஞ்சில் தொட்டுத் துடைத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவினால் சுத்தமாகப் போய்விடும்.

வாசகர்கள் கேட்டதால் சேர்த்தவை

வேட்டி இல்லை என்றால் வெள்ளைப் பருத்திப் படுக்கை விரிப்பு நன்றாகவே கிழியும். சுருங்காத வகை என்று விற்கும் விரிப்புகளில் பாலியஸ்டர் கலந்திருக்கும், துணியில் தைத்திருக்கும் அட்டையைப் பாருங்கள்.

மழை பெய்தால் டீச்சாயம் கரைந்து ஜாக்கெட்டில் இறங்குமா என்று கேட்டிருந்தார்கள். சாயம் போட்ட துணியைக் குளிர்ந்த நீரில் ஒருமுறை அலசிய பிறகு உலர்த்துங்கள். அலசும்போது போவது போனால் போகட்டும், மிச்சம் நிற்கும். வெள்ளை ஜாக்கெட்டாக இருந்தால் சாயமே வேண்டாம்.

காரில் அக்கம்பக்கத்துத் தெருக்களுக்குப் போகிறவர்கள், சிறு குழந்தைகளை இருக்கையில் கட்டும்போது வேடத்தையும் தடித்த ஜாக்கெட்டையும் கழற்றிவிட்டுப் பட்டையை மாட்டுங்கள். தடித்த துணிக்கு மேல் பட்டை இறுகியதுபோலத் தெரிந்தாலும் உள்ளே தளர்வாகத்தான் இருக்கும். ஜாக்கெட்டை மடியில் போர்த்திவிட்டு, இறங்கியதும் முதலில் அதையும் பிறகு மேலே வேடத்தையும் மாட்டிவிடலாம்.