போனில் முத்தலாக் வந்தால் முதலில் என்ன செய்வது?

கணவர் ஒரே மூச்சில் மூணு தடவை தலாக் (விவாகரத்து) சொல்லிவிட்டார், இனி அந்த வீட்டில் இருப்பதே ஹராம் என்று பயந்து, பல பெண்கள் அன்றைக்கு ராத்திரியே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அடி உதை, உயிருக்கு ஆபத்து என்றால் கிளம்பத்தான் வேண்டும். மற்றபடி போகாதீர்கள். உங்கள் நிக்காஹ் அப்படியேதான் இருக்கிறது.

சாயிரா பானு வழக்கில் 2017 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் பெரும்பான்மையாக முத்தலாக்கை ரத்து செய்தது. அப்புறம் வந்த 2019 சட்டப்படி வாயால் சொன்னாலும், எழுதிக் கொடுத்தாலும், வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் அது செல்லாது, சொன்ன கணவருக்கு மூன்று வருஷம் வரை சிறையும் அபராதமும் உண்டு.

முதல் வேலை, அந்த மெசேஜைக் காப்பாற்றுவது. ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள், அவர் பக்கமிருந்தும் அழிக்க முடியும் என்பதால் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அக்கா தங்கை யாருக்காவது அனுப்பிவையுங்கள். குரல் பதிவு என்றால் அவருடைய நம்பரும் தேதியும் திரையில் தெரியும்படி இன்னொரு போனில் வீடியோ எடுங்கள். மெசேஜ் வந்த போனை விற்கவோ மாற்றவோ வேண்டாம். பள்ளிவாசல் நிக்காஹ் பதிவேட்டின் நகல், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், போட்ட நகைக்கான பில் எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள்.

அடுத்தது கையெழுத்து. எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணிடம் "மஹர் கணக்கு முடிக்கணும், ஒரு கையெழுத்துப் போடும்மா" என்று ஒரு தாளை நீட்டினார்கள். அவளுடைய அக்கா வாங்கிப் படித்தாள். கடைசி இரண்டு வரியில், மனைவியே விரும்பி குலா (மனைவி கேட்டு வாங்கும் விவாகரத்து) கேட்டதாகவும், கணவர் தர வேண்டிய மஹரை விட்டுக்கொடுத்ததாகவும் எழுதியிருந்தது! போட்டிருந்தால் கணவர் தலாக் சொன்ன பேச்சே இல்லாமல் போயிருக்கும். யார் நீட்டினாலும் வக்கீல் பார்க்காமல் போடாதீர்கள். காஜி தரும் தலாக் சான்றிதழ் வெறும் கருத்துதான், நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர் நீதிமன்றமே 2017-இல் சொல்லியிருக்கிறது.

இனி புகார். மனைவியோ அவருடைய ரத்த உறவோ திருமண உறவோ கொடுத்தால்தான் போலீஸ் இந்தச் சட்டத்தில் நேரடியாக வழக்குப் பதியலாம். உங்கள் தரப்பைக் கேட்காமல் மாஜிஸ்திரேட் ஜாமீன் தர முடியாது. பிறகு சமாதானமாகப் போக நினைத்தாலும் மாஜிஸ்திரேட் அனுமதியோடு நீங்கள்தான் முடிக்க முடியும். சொன்னதே செல்லாது என்றால் சிறை எதற்கு, உள்ளே போனவர் எப்படிச் சோறு போடுவார் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருப்பதாகவே நான் நினைக்கிறேன், ஆனால் தண்டனை பயம் இல்லாமல் தீர்ப்பு மட்டும் போதும் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அதனால் முதலில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று முடிவு பண்ணுங்கள். உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் பிழைப்புப் படி கேட்டு, சின்னப் பிள்ளைகளை உங்களிடமே வைத்துக்கொள்ளக் கேட்டு, இதே சட்டத்தில் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். வீட்டை விட்டுத் துரத்தினால் 2005 குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். மாதம் ஒன்றாக மூன்று தலாக் நோட்டீஸ் வந்தால் அது வேறு வகை, அதை 2019 சட்டத்தில் அடக்க முடியாது என்று வாதிடுவார்கள். சும்மா இருந்துவிடாதீர்கள். தலாக் சொல்லத் தகுந்த காரணம் வேண்டும், அதற்கு முன்பு இரண்டு பக்கமும் ஒருவரை வைத்துச் சமரசம் பேசியிருக்க வேண்டும் என்று ஷமீம் ஆரா வழக்கில் 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குர்ஆனின் 4:35 வசனமும் இரண்டு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை வைக்கத்தான் சொல்கிறது. பேச்சு நடக்கவே இல்லை என்றால் அதைப் பதில் நோட்டீஸில் எழுத்தில் வையுங்கள்.

வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம், பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பது மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வேலை. 15100-க்குப் போன் பண்ணுங்கள், அந்தப் பையையும் எடுத்துக்கொண்டு போங்கள்.