வளாகத்தில் நாடகம் போட மாணவர் நிதியைப் பெறும் வழி

அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகங்களில் படிக்கச் செல்லும் நம் மாணவர்கள் பலர், பருவந்தோறும் வரும் கட்டண விவரத்தில் படிப்புக் கட்டணத்துக்குக் கீழே தனி வரியாக இருக்கும் மாணவர் கட்டணத்தை என்னவென்று பார்க்காமலேயே கட்டிவிடுகிறார்கள். பல வளாகங்களில் அந்தத் தொகையின் ஒரு பங்கை, மாணவர்கள் தேர்ந்தெடுத்த மன்றத்தின் நிதிக் குழுதான் சங்கங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாந்தா குரூஸ் வளாகத்தில் டான் வில்லியம்ஸ் 1991இல் ஆப்பிரிக்க அமெரிக்க நாடகக் குழு ஒன்றையும், 1993இல் பல இன மாணவர்களும் நடிக்கும் ரெயின்போ தியேட்டரையும் தொடங்கினார். அத்தகைய முயற்சியை மாணவர் நிதியைக் கொண்டு சிறிய அளவில் தொடங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

விண்ணப்பத்தில் கைவைக்கும் முன் ஒரு தீர்ப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மாடிசன் வளாகத்தில் 1995–96 கல்வியாண்டில் மாணவர் கட்டணம் 331.50 டாலராக இருந்தது. தாம் ஏற்காத கொள்கையுடைய சங்கங்களுக்குத் தம் பணம் போகக் கூடாது என்று ஸ்காட் சவுத்வொர்த் என்ற சட்ட மாணவரும் வேறு சிலரும் வழக்குத் தொடர்ந்தார்கள். 2000ஆம் ஆண்டு மார்ச்சில் உச்ச நீதிமன்றம், கட்டணத்தைக் கட்டாயமாக வசூலிக்கலாம், ஆனால் அதைப் பகிர்ந்தளிப்பவர்கள் எந்தச் சங்கத்தின் கருத்தையும் பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஒரு சங்கத்துக்குப் பணம் கொடுப்பதை மாணவர்களின் பொது வாக்கெடுப்புக்கு விட்டால், சிறுபான்மையினரின் கருத்துக்குப் பெரும்பான்மையினரின் சம்மதம் தேவை என்றாகிவிடுமே என்ற ஐயத்தையும் அது எழுப்பியது. தனியார் பல்கலைக்கழகங்களை இந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது.

விண்ணப்பம் எழுதும் முறையையே இது மாற்றிவிடுகிறது. இத்தகைய நிதிக் குழு ஒன்றில் இரண்டு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ‘எங்கள் பண்பாடு ஈராயிரம் ஆண்டுத் தொன்மையுடையது’ என்று தொடங்கும் விண்ணப்பத்துக்கு மதிப்பெண் போட எங்களிடம் கட்டமே இல்லை. தொன்மைக்குப் பணம் கொடுத்தால் நாளை இன்னொருவரின் புதுமைக்கு மறுத்ததாகிவிடும். நிகழ்ச்சி எல்லா மாணவர்களுக்கும் திறந்திருக்கிறதா, எத்தனை பேர் வருவார்கள் என்ற கணக்குக்கு ஆதாரம் உண்டா, ஒவ்வொரு செலவுக்கும் எழுத்தில் விலைப்புள்ளி இருக்கிறதா என்பவையே நாங்கள் பார்த்தவை. ஆகவே தமிழில் நாடகம் போடுபவர்கள், மேடைக்கு மேலே ஆங்கில வரிகள் திரையிடப்படும் என்பதை முதல் பத்தியிலேயே எழுத வேண்டும். சென்ற ஆண்டு நிகழ்ச்சியின் வருகைக் கணக்கு இருந்தால், பாராட்டுக் கடிதங்களைவிட அது பெரிய ஆதாரம்.

செலவுப் பட்டியலை எப்படிப் போடுவது என்பதற்கு ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். 150 இருக்கைகள் உள்ள வளாக அரங்கில், ஓரங்க நாடகம், மூன்று காட்சிகள் என்று வைத்துக்கொள்வோம். காட்சிக்கு 90 டாலர் வீதம் நாடக உரிமைத் தொகை 270, ஒளி, ஒலிப் பணியாளர் இருவருக்கு மூன்று காட்சிகளும் ஒரு முழு ஒத்திகையுமாக நான்கு மாலைகள், மாலைக்கு ஐந்து மணி நேரம், மணிக்கு 22 டாலர் வீதம் 880, உடைகள் 240, மரச்சட்டம், துணி, சாயம் 180, சுவரொட்டி 60. மொத்தம் 1,630. வெளியாட்களுக்கு மட்டும் ஐந்து டாலர் சீட்டு, நாற்பது பேர் வருவார்கள் என்றால் 200 வரவு. அதைக் கழித்து 1,430 டாலர் கேட்க வேண்டும். இங்கே மிகப் பெரிய தொகை பணியாளர் கூலி என்பதைக் கவனியுங்கள். புதியவர்கள் மறந்துவிடுவதும் இதைத்தான். அரங்க அலுவலகத்திடம் கேட்டால் மணிக் கணக்கை அவர்களே எழுதிக் கொடுப்பார்கள்.

உரிமைத் தொகையில் நம்மவர்கள் இடறும் இடம் ஒன்று உண்டு. ஆங்கில நாடகத்தைத் தமிழில் பெயர்த்து நடிப்பதற்கும், நீளம் கருதிக் காட்சிகளை வெட்டுவதற்கும் உரிமையாளரின் தனி அனுமதி வேண்டும். நடிப்பதற்கான உரிமம் மட்டும் போதாது. தமிழ் நாடகத்துக்கு ஆசிரியரிடமோ வாரிசுகளிடமோ கடிதம் பெறலாம். அண்ணாவின் படைப்புகளைப் போலத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கியவற்றை எடுத்துக்கொண்டால், அரசாணையின் நகலையும் இரண்டு வரி ஆங்கில விளக்கத்தையும் விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள். குழுவுக்கு அப்படியொரு நடைமுறை இருப்பதே தெரிந்திருக்காது.

ஒதுக்கீடு கிடைத்ததும் பணம் கைக்கு வராது. பெரும்பாலும் மாணவர் அலுவலகமே பொருளை வாங்கித் தரும், அல்லது ரசீது கொடுத்தபின் திருப்பித் தரும். ஒப்புதல் தேதிக்கு முன் வாங்கியதற்குப் பொதுவாகப் பணம் திரும்பாது. எங்களிடம் வந்த ஒரு நாடகக் குழு, தள்ளுபடி முடிந்துவிடும் என்ற அவசரத்தில் புடவைகளை ஒரு வாரம் முன்னதாக வாங்கிவிட்டது. அந்தத் தொகையை நடிகைகள் தம்மிடையே பங்கு போட்டுக்கொண்டார்கள். விருந்தினர் விசாவில் வரும் கலைஞருக்குச் சன்மானம் தருவதாக இருந்தால், அழைப்பு அனுப்பும் முன்பே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேளுங்கள். மாணவர் விசாவில் இருக்கும் நடிகர்களுக்குச் சம்பளம் என்று எழுதவே வேண்டாம். நிதியாண்டு பல வளாகங்களில் ஜூன் 30இல் முடிகிறது, மிச்சப் பணம் பொது நிதிக்குத் திரும்பிவிடும் என்பதால், மே மாத நாடகத்தின் ரசீதுகளை அந்த வாரமே கொடுத்துவிட வேண்டும்.

கேட்ட தொகை குறைக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நாடகத்தின் கருத்து பிடிக்கவில்லை என்ற வாடை அதில் அடித்தால், மேல்முறையீட்டில் சவுத்வொர்த் தீர்ப்பின் பெயரை ஒருமுறை குறிப்பிடலாம். அடுத்த ஆண்டு உங்கள் குழுவிலிருந்து ஒருவர் நிதிக் குழுத் தேர்தலில் நிற்கட்டும்; உங்கள் விண்ணப்பம் வரும் நாளில் மட்டும் அவர் வாக்களிக்காமல் வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும்.