பூனையிடம் பேசும்போது நாம் செய்யும் தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானுக்கு, அதாவது குடியிருப்புக்கு, பின்னால் ஒரு கால்வாய் ஓடுகிறது. அதைத் தாண்டினால் செம்பனைத் தோட்டம். சாயங்காலம் ஆறரை மணி ஆனதும் வரிசை வீடுகளிலிருந்து பூனைகளைக் கூப்பிடும் சத்தம் ஆரம்பிக்கும். ஒரு வீட்டில் "பூஸ் பூஸ்" என்பார்கள். மூலை வீட்டு மலாய்க்கார அக்கா "மரி, மரி" என்பார். எதிர்வீட்டு ஆயா வாயே திறக்காமல் அலுமினியத் தட்டைக் கரண்டியால் தட்டுவார். எங்கள் அம்மா பழைய மைலோ டின்னைக் குலுக்குவார். அதற்குள் இக்கான் பிலிஸ் என்ற காய்ந்த நெத்திலி இருப்பது எங்கள் பூனை முத்துவுக்குத் தெரியும். எங்கிருந்தாலும் வேலிக்கம்பிக்கு அடியில் நுழைந்து ஓடி வந்துவிடுவான்.

"நாம பேசறது அதுக்குப் புரியுமா?" என்று பூனை வளர்க்கும் எல்லாரும் ஒரு நாளாவது கேட்டிருப்பார்கள். புரியும். ஆனால் நாம் சொல்லும் வாக்கியம் புரியாது. அதன் பெயர், நம் குரல், அந்தக் குரலில் இருக்கும் கோபமோ கொஞ்சலோ, எந்தச் சத்தத்துக்குப் பிறகு என்ன நடக்கும் என்பது, இவையெல்லாம் புரியும். இந்த வித்தியாசம் தெரியாமல் நாம் செய்யும் தவறுகள் சில பூனையின் உயிருக்கே ஆபத்தாக முடிகின்றன.

அப்படி ஒரு தவறு எங்கள் வீட்டிலேயே நடந்தது. முத்துவுக்கு முன்னால் பொன்னி என்று ஒரு மஞ்சள் பூனை இருந்தது. பாட்டி அதோடு நாள் முழுக்கப் பேசுவார். "ரோட்டுக்குப் போவாத, லோரி வருது பாரு" என்று தினமும் சொல்வார். பொன்னியும் உட்கார்ந்து, பாட்டி முகத்தைப் பார்த்து, கண்ணை மூடித் திறக்கும். சொன்னதைக் கேட்டுக்கொண்டது என்று நாங்கள் எல்லாருமே நம்பினோம். வெளிக்கதவு எப்போதும் திறந்தேதான் கிடந்தது. ஒரு நாள் காலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரியில் அடிபட்டு அது போய்விட்டது. பாட்டியின் அன்பில் குறை எதுவும் இல்லை. பொன்னிக்குப் புரிந்தது, பாட்டி அன்பாகப் பேசுகிறார் என்பது மட்டும்தான். லோரி, ரோடு, போகாதே என்பதை ஒன்றோடு ஒன்று சேர்த்து அர்த்தம் பண்ணிக்கொள்ள அதால் முடியாது. பூனையிடம் எச்சரிக்கை சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து வைக்காதீர்கள்.

அடுத்த தவறு பெயர் விஷயத்தில். ஜப்பானில் அட்சுகோ சைட்டோ என்ற ஆய்வாளரின் குழு 2019-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. வீட்டுப் பூனைகளுக்கு முதலில் அவற்றின் பெயரைப் போலவே நீளமுள்ள வேறு சொற்களை வரிசையாகக் கேட்க வைத்தார்கள். கேட்டுக் கேட்டு அவை அசையாமல் இருந்துவிட்டன. கடைசியில் பெயரைச் சொன்னதும் பல பூனைகளின் காது திரும்பியது, தலை அசைந்தது. முன்பின் தெரியாதவர் சொன்னாலும் பெயரை அடையாளம் கண்டுகொண்டன. ஆனால் எழுந்து வந்தவை குறைவு. அதனால் கூப்பிட்டும் பூனை வரவில்லை என்றால் அதற்குக் கேட்கவில்லை, புரியவில்லை என்று முடிவு கட்டக்கூடாது. காதைப் பாருங்கள். முத்து வீட்டு முன்னால் உள்ள அஞ்சடியில் படுத்திருக்கும்போது கூப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். கண் மூடியே இருக்கும், உடம்பு அசையாது. ஒரு காது மட்டும் மெல்லப் பின்னால் திரும்பி, என் பக்கம் நின்று, மறுபடி பழைய இடத்துக்குப் போகும். அவன் கேட்டுவிட்டான். எழுந்து வருவதற்கு அவனுக்கு ஒரு காரணம் வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் காரணத்தைக் கெடுப்பதும் நாம்தான். சோபாவைப் பிறாண்டினால் "முத்து!", பசாரிலிருந்து வாங்கி வந்த கெம்போங் மீன் பையை மோந்தால் "முத்து!", மருந்து கொடுக்க, குளிப்பாட்ட, கூண்டில் அடைத்துக் கிளினிக்குக்குக் கொண்டுபோக என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பெயர். பூனையின் கணக்கில் பெயர் என்பது ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து நல்லது நடந்தால் வரும், கெட்டது நடந்தால் ஓடும். திட்டும்போது பெயரைச் சொல்லவே கூடாது என்று எங்கள் வீட்டில் இப்போது ஒரு விதி. தடுக்க வேண்டுமானால் "ம்ஹூம்" என்று மட்டும் சொல்வோம். மருந்து கொடுக்க வேண்டுமானால் கூப்பிடாமல் நாங்களே போய்த் தூக்கி வருவோம். பெயர் சாப்பாட்டுக்கும் தடவிக்கொடுப்பதற்கும் மட்டும்.

அப்புறம் ஒரு பூனைக்கு எத்தனை பெயர்? அப்பா "டேய்" என்பார், அம்மா "முத்து", தங்கை "மூமூ", பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் "கூச்சிங்", மலாயில் பூனை என்று அர்த்தம். நம் ஊரில் ஒரு தெருவிலேயே மூன்று நான்கு மொழி புழங்குவதால் இது சாதாரணம். பூனைக்குத் தமிழும் ஒன்றுதான், மலாயும் ஒன்றுதான், சீனமும் ஒன்றுதான். "வா" என்றாலும் "மரி" என்றாலும் "லாய்" என்றாலும் கற்றுக்கொள்ளும். ஒரு வேலைக்கு ஒரு சொல்லை எல்லாரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும் என்பதுதான் முக்கியம். 2024-இல் வெளியான இன்னொரு ஜப்பானிய ஆய்வில், பூனைகளுக்குச் சில விநாடிகளே ஓடும் கார்ட்டூன் படங்களைக் காட்டி, கூடவே பொருளில்லாத ஒரு சொல்லை ஒலிக்கவிட்டார்கள். பிறகு சொல்லை மாற்றிப் போட்டதும் பூனைகள் படத்தைக் கூடுதல் நேரம் உற்றுப் பார்த்தன. இவ்வளவு விரைவாகச் சொல்லையும் படத்தையும் சேர்த்துப் பிடிக்கும் பிராணியை நாம் நாலு பெயரால் குழப்புவது நியாயம் இல்லை.

இப்போது நான் மிகவும் வருத்தத்தோடு எழுதும் விஷயத்துக்கு வருகிறேன். "வேணும்னே பண்ணுது" என்று சொல்வது.

இரண்டு வருடத்துக்கு முன்னால், முத்து துணி தேய்க்கும் விரிப்பின் மேல் சிறுநீர் கழித்தான். மறுநாள் குளியலறை வாசலில். நான் முந்தின நாள் அவனை வெளியே விடவில்லை, அந்தக் கோபத்தில் செய்கிறான் என்று நினைத்தேன். விரிப்பைக் காட்டி உரக்கத் திட்டினேன். அவன் உடம்பைச் சுருக்கிக் காதைத் தட்டையாக்கி ஒடுங்கினான். செய்த தப்பு தெரிந்து நடுங்குகிறான் என்று எடுத்துக்கொண்டேன். அன்று ராத்திரி அவன் மணல் தட்டில் போய்க் குந்துவதும், ஒன்றும் வராமல் எழுந்து மறுபடி குந்துவதும், அடிவயிற்றை நக்குவதுமாக இருந்ததைப் பார்த்துதான் பயம் வந்தது. விடிந்ததும் ஈப்போவுக்குக் கொண்டு ஓடினோம். சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டிருந்தது. ஆண் பூனைகளுக்கு அந்தக் குழாய் மிகவும் குறுகல். முழுதாக அடைத்துவிட்டால் ஓரிரண்டு நாளில் உயிர் போய்விடும். வலியில் இருந்தவனை நான் திட்டியிருக்கிறேன்.

இதில் இரண்டு தவறு இருக்கிறது. பூனை பழிவாங்கத் திட்டம் போடுகிறது என்று நினைப்பது ஒன்று. வழக்கமான இடத்தை விட்டு வேறு இடத்தில் சிறுநீர் கழித்தால் முதலில் நோயா என்றுதான் பார்க்க வேண்டும். குந்திக் குந்தி எழுந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள். நடந்து முடிந்த காரியத்துக்குப் பிறகு திட்டுவது இரண்டாவது தவறு. காலையில் செய்ததையும் மதியம் நாம் போடும் சத்தத்தையும் பூனை சேர்த்துப் பார்க்காது. அது ஒடுங்குவது நம் குரலுக்கும், குனிந்து நிற்கும் நம் உடம்புக்கும் பயந்துதான். சிறுநீரில் மூக்கைத் தேய்ப்பது, கைலியால் அடிப்பது போன்ற பழைய பழக்கங்களை விட்டுவிட வேண்டும். அதில் பூனை கற்றுக்கொள்வது நம்மிடம் நெருங்கக்கூடாது என்பதை மட்டும்தான்.

குழந்தையைக் கொஞ்சுவதுபோல் பூனையிடம் பேசினால் சிலர் சிரிப்பார்கள். அதற்காக நிறுத்த வேண்டாம். பிரான்சில் 16 பூனைகளை வைத்து 2022-இல் வெளியான ஆய்வில், வளர்ப்பவர் பெரியவர்களிடம் பேசும் தொனியிலிருந்து தங்களிடம் பேசும் தொனிக்கு மாறியதும் பூனைகள் கவனித்தன. அதே கொஞ்சலை அந்நியர் செய்தபோது அந்த மாற்றம் தெரியவில்லை. உங்கள் கொஞ்சல் உங்கள் பூனைக்குத் தனி. சத்தம் கூட்டத் தேவையே இல்லை. நமக்குக் கேட்காத மெல்லிய சத்தம்கூடப் பூனையின் காதுக்குக் கேட்கும். கத்துவதால் கூடுதலாக எதுவும் புரிந்துவிடாது.

குரல் எங்கிருந்து வருகிறது என்பதையும் அவை கணக்கு வைத்திருக்கின்றன. கோலாலம்பூரில் வேலை செய்யும் தம்பி வாட்ஸ்அப்பில் "முத்துக்குட்டி" என்று குரல் செய்தி அனுப்புவான். அதைப் போட்டால் முத்து போனை மோந்து பார்ப்பான், அதன் பின்னால் எட்டிப் பார்ப்பான், பிறகு வாசலுக்குப் போய் நிற்பான். 2021-இல் வந்த ஓர் ஆய்வில், ஒரு இடத்தில் கேட்ட வளர்ப்பவரின் குரல் அடுத்த கணமே வேறு இடத்திலிருந்து வந்ததும் பூனைகள் திகைத்தன என்று படித்தேன். ஆள் கண்ணில் படாவிட்டாலும் எங்கே இருக்கிறார் என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது. அதிலிருந்து குரல் செய்தியை அடிக்கடி போடுவதில்லை. வாசலில் அவன் நிற்பதைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது.

வெள்ளை நிறமும் இரண்டு நீலக் கண்ணும் உள்ள பூனை வைத்திருந்தால் ஒன்றைச் சோதித்துவிடுங்கள். அந்த வகையில் பிறவியிலேயே காது கேளாதவை அதிகம். பின்னால் நின்று, காற்றோ அதிர்வோ படாமல், சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். காது அசையவில்லை என்றால் பிடிவாதம் என்று திட்டாமல், விளக்கை அணைத்துப் போட்டுக் கூப்பிடப் பழக்கலாம்.

பேசும்போது முகத்துக்கு நேரே உற்றுப் பார்ப்பதும் தவறு. பூனைகளுக்கிடையே அது சண்டைக்கு அழைப்பது. பார்வையைத் தளர்த்தி, கண்ணை மெல்லச் சுருக்கி மூடித் திறங்கள். இங்கிலாந்தில் 2020-இல் நடந்த ஆய்வில், அப்படிச் செய்தவர்களிடம் பூனைகளும் திருப்பிக் கண் சுருக்கின, நீட்டிய கையை நெருங்கி வந்தன. பாட்டியிடம் பொன்னி தினமும் சொன்னது அதுதான். இன்னொன்று, வாலைப் பார்த்து மனநிலை அறியச் சொல்லும் படங்கள் நம் ஊர்ப் பூனைகளுக்கு முழுதாகப் பொருந்தாது. இங்கே பாதிப் பூனைகளுக்கு வால் குட்டையாகவோ நுனியில் முடிச்சு விழுந்து வளைந்தோ இருக்கும். காதையும் முதுகையும் பாருங்கள்.

எதற்கு இவ்வளவு என்றால், தோட்டத்து ஓரத்தில் இருக்கும் பூனைக்கு "வா" என்ற ஒரு சொல் புரிவது பெரிய பாதுகாப்பு. இருட்டினால் தோட்டத்தில் மலைப்பாம்பு உண்டு. மரத்தடியில் எலிக்கு மருந்து வைப்பார்கள். ரத்தத்தை உறையவிடாமல் செய்யும் மருந்து அது. அதைத் தின்ற எலியைப் பூனை தின்றாலும் விஷம் ஏறலாம், அறிகுறி தெரியவே சில நாள் ஆகும்.

பழக்குவது எளிது. சாப்பாட்டுக்கு முன், பசியோடு இருக்கும்போது, நாலடி தூரத்தில் நின்று பெயரையும் "வா"வையும் ஒரே ஒரு முறை சொல்லுங்கள். வந்த உடனே, கை தாமதிக்காமல், ஒரு துண்டு மீன். வரவில்லை என்றால் திரும்பத் திரும்பக் கூப்பிடாதீர்கள். பத்து முறை கேட்டும் ஒன்றும் நடக்காத சொல் வெறும் சத்தமாகிவிடும். தூரத்தைக் குறைத்துக்கொண்டு பிறகு முயலுங்கள். அடுக்களை, ஹால், அஞ்சடி, வெளிக்கதவு என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டுங்கள். வந்த பிறகு உடனே கதவைச் சாத்தி அடைக்காமல், சாப்பிடவிட்டு, தடவிக்கொடுத்து, பிறகு சாத்துங்கள்.

முத்துவுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆனது. போன வாரம் அம்மா ஊரில் இல்லை. மைலோ டின் அலமாரிக்குள் இருந்தது, நான் எடுக்கவில்லை. வெளிக்கதவருகே நின்று "முத்து, வா" என்று ஒரே ஒரு முறை சொன்னேன். கால்வாய்க்கு அந்தப் பக்கம் புல் அசைந்தது. முதலில் இரண்டு காது தெரிந்தது, அப்புறம்தான் ஆள்.