சந்தையில் வாங்கிய பொன்னாங்காணியே விதை

வெள்ளவத்தைச் சந்தையில் பொன்னாங்காணி ஒரு பிடி வாங்கினால், இலையை ஆய்ந்துவிட்டுத் தண்டைக் குப்பையில் போடாதீர்கள். முற்றிய தண்டாகப் பார்த்து ஒரு சாண் நீளத்துக்கு வெட்டுங்கள். அடியில் இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றினால் போதும். கணுவில்தான் வேர் விடும். கணு இல்லாத துண்டு அழுகிப்போகும்.

சாடிகூடத் தேவையில்லை. எங்கள் பல்கனியில் இருப்பது அடியில் ஓட்டை போட்ட பழைய பெயின்ட் வாளி, நன்றாகக் கழுவியது. மண், தும்புத்தூள், மக்கிய சாணம் மூன்றும் சம பங்கு. அரை நாள் வெயில் கிடைத்தால் நல்லது. கடற்காற்று நேரே அடிக்கும் வீடென்றால், நீர் ஊற்றும்போது இலையையும் கழுவிவிடுங்கள். உப்புப் படிந்தால் நுனி கருகும்.

வாளிக்கு அடியில் தட்டு வைப்பவர்கள் கவனம். தேங்கிய தண்ணீர் டெங்கு நுளம்புக்குத் தொட்டில். நான் தட்டையே எடுத்துவிட்டேன். கீழ்வீட்டு அக்கா ஒருமுறை சொட்டுத் தண்ணீருக்குச் சண்டைக்கு வந்தார், அப்புறம் அவருக்கும் ஒரு பிடி கொடுத்தேன், சரியாகிவிட்டது.

மூன்று நான்கு கிழமையில் வெட்டலாம். வேரோடு பிடுங்காமல் அடியில் இரண்டு கணு விட்டு வெட்டினால் மறுபடி தளிர்க்கும். தேங்காய்ப்பூ போட்டு வறை செய்து, இறக்கியபின் தேசிக்காய் பிழியுங்கள். கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள அந்தத் தேசிச்சாறு உதவும். வறுத்த மிளகாய் ஒன்றைக் கிள்ளிப் போட்டால் சோறு தானாக இறங்கும்.